மூச்சைக் காயவைக்கும் செலவு

மார்ச் 4

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் "உனக்கென்ன அக்கறை" என்பாய், அதனால் கேட்கவில்லை. போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். ஒட்டிய கவர் கையில் கிடைத்தால் உன்னால் பிரிக்காமல் இருக்க முடியாது. அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

இங்கே எனக்குக் கிடைத்திருப்பது பிரித்துப் போடும் வேலை. போட்டிக் கம்பெனிகளின் மின்சாரக் காரை எல்லோரையும் போலக் கடையில் காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். நாங்கள் அதைக் கடைசித் திருகுவரை கழற்றி மேசைமேல் பரப்புகிறோம். ஒவ்வொன்றையும் செய்ய அவர்களுக்கு என்ன செலவாகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டும். முக்கியமாகப் பேட்டரி. காரின் விலையில் பெரிய வாயை வைத்திருப்பது அதுதான்.

முதல் வாரமே மேசைக்கு வந்தது உங்கள் கார். ஜனவரிவரை நானும் "நம்ம கார்" என்று சொல்லிக்கொண்டிருந்த அதே கார். பேட்டரிப் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் செல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். செல்லின் உறைப்பை ஓரத்தில் இருந்த எண்ணைப் படித்தேன். மூன்றாவது லைன். பகல் ஷிப்ட். கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தேன், அக்கா. பக்கத்தில் இருந்தவன், "என்ன சார், சூடா இருக்கா?" என்றான். இல்லை என்றேன். உன் கை பட்டது என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

நீ கைகாட்டித்தான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். மறக்கவில்லை. ஆனால் அங்கே கணக்குப் பிரிவில் என் தலைக்குமேல் நான்கு பேர். அவர்கள் ஓய்வு பெறுவதற்குள் நானே ஓய்வு பெற்றுவிடுவேன். வந்த வாய்ப்பை விட மனமில்லை.

அப்பாவுக்கு மூச்சு எப்படி இருக்கிறது? ஆக்ஸிஜன் மிஷினை இரவு மட்டும் வைக்கிறீர்களா, பகலிலுமா? அதையாவது எழுது.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

கவரைப் பிரித்துவிட்டேன். அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே.

நீ போனது எனக்கு வருத்தமில்லை. சொல்லாமல் போனாயே, அதுதான். காலையில் நானும் நீயும் ஒரே பஸ்ஸில் வந்தோம். மத்தியானம் கேன்டீனில் யாரோ ஒருத்தி, "உன் தம்பி அந்தப் பக்கம் தாவிட்டானாமே?" என்று கேட்கிறாள். கையில் தட்டோடு நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே, "தெரியாதா? ஐயோ, நான் எதுவும் சொல்லலப்பா" என்று நகர்ந்தாள். இப்போது லைனில் எனக்கு "அந்தப் பக்கத்தான் அக்கா" என்று பெயர். சிரித்துக்கொண்டேதான் கூப்பிடுகிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

செல்லைத் தொட்டுப் பார்த்தாயாம். கண்ணாடிக்கு வெளியே டீயும் கையுமாக நின்று எங்களை வேடிக்கை பார்த்தவன் நீ. நாங்கள் செல்லுக்குத் தகடு அடுக்கும் டிரை ரூமுக்குள் ஒரு தடவை வந்திருக்கிறாயா? இரண்டு கதவு, நடுவில் காற்று அடிக்கும் கூண்டு, தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை. உள்ளே போனால் அரை மணியில் உதடு வெடிக்கும், கண் மணல் போட்டதுபோல் உறுத்தும். செல்லுக்குள் துளி ஈரம் போனாலும் அது பின்னால் உப்பிக்கொள்ளும். அதனால் எங்களைவிட அந்தக் காற்றுக்குத்தான் அங்கே மரியாதை அதிகம். ஈரத் தலையோடு வரக்கூடாது. ஜலதோஷம் என்றால் வெளியே. அழுத முகம் என்றாலும் வெளியே. போன மாதம் ஒரு பெண் வீட்டுச் சண்டையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நாங்கள் அளவுகோல் என்று கூப்பிடும் சூப்பர்வைசர் இருக்கிறாரே, சுவரில் இருக்கும் ஈரமானியைக் காட்டி, "முள்ளு ஏறிடும். காய்ஞ்சப்புறம் வாம்மா" என்றார். அவள் அழுகையை மறந்து சிரித்துவிட்டாள்.

அப்பாவுக்கு மிஷின் பகலிலும் வேண்டியிருக்கிறது. நான் வேலைக்குப் போகும்போது எதிர்வீட்டு நர்ஸம்மா வந்து உட்காருகிறார். "முந்திரிக்கொட்டை வந்தானா?" என்று அப்பா தினமும் ஒரு தடவையாவது உன்னைக் கேட்கிறார். கட்சி மாறியதைச் சொன்னேன். "லாரி ஓட்டற காலத்துல நான் மாத்தாத முதலாளியா? எந்த வண்டியா இருந்தா என்ன, ஓடினா சரி" என்றார். நீ எது செய்தாலும் அவருக்குச் சரி. நான்தான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

வந்து பார்த்துவிட்டுப் போ. எனக்காக இல்லை.

அக்கா


மே 2

அக்காவுக்கு,

நீ பதில் எழுதியதே எனக்குப் பெரிய விஷயம். நான்கு வரி திட்டு குறைவாக இருந்திருந்தால் நீதான் எழுதினாயா என்று சந்தேகம் வந்திருக்கும்.

ஒரு நல்ல செய்தி. இங்கே எல்லோருக்கும் ஒரே தலைவலி. ஒவ்வொரு கார்க் கம்பெனியும் மற்றவனைப் பார்த்துப் பார்த்துப் பேட்டரி ஆலை கட்டிவிட்டது. ஊரே விருந்துக்கு வரும் என்று உலை வைத்துவிட்டு, வந்தது கால்வாசிப் பேர் என்றால் எப்படி இருக்கும்? அப்படி முழிக்கிறார்கள். இனிமேல் யார் செல்லை மலிவாகச் செய்கிறானோ அவன்தான் நிற்பான், மற்றவர்கள் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார்கள். உங்கள் செல்லை எங்கே முந்தலாம் என்று என்னிடம் கேட்டார்கள்.

பொருளில் முந்த முடியாது, அக்கா. உலோகமும் ரசாயனமும் எல்லோரும் ஏறக்குறைய ஒரே விலைக்குத்தான் வாங்குகிறார்கள். மண்டையைக் குடைந்துகொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்தேன். கடைசியில் பிடிபட்டது. காற்று! அந்த டிரை ரூம் காற்றைக் காயவைக்க ஆகும் மின்சாரம்தான் ஆளை விழுங்குகிறது. காற்றை ஈரமாக்குவது எது? உள்ளே நிற்கும் மனிதர்கள்தான். ஒரு ஆள் உள்ளே நின்றால் அவர் விடும் மூச்சு, விடும் வியர்வை, அதையெல்லாம் திரும்பக் காயவைக்க ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போட்டேன். ஆளே இல்லாமல் லைனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்துவிட்டால் செல்லுக்கு எவ்வளவு மிச்சம் என்றும் காட்டினேன்.  காட்டி முடித்ததும் எங்கள் கம்பெனிப் பெரியவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இத்தனை நாள் இது ஏன் யாருக்கும் தோணல?" என்றார்.

வீட்டில் சொல்லிக் கொண்டாட உங்கள் இருவரையும் விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அப்பாவிடம் படித்துக் காட்டு. முந்திரிக்கொட்டை ஒரு தடவையாவது சரியான நேரத்தில் முந்தியிருக்கிறான் என்று சொல்.

தம்பி


மே 15

தம்பிக்கு,

படித்துக் காட்டினேன்.

அப்பா நன்றாகக் கேட்டுக்கொண்டார். "மூச்சுக்கும் பில்லு போட்டுட்டானா?" என்று சிரித்தார். சிரித்து இருமல் வந்து, மிஷினைக் கூட்டி வைத்தேன். அடங்கியதும், "அப்ப எனக்குக் கம்மியாத்தான் வரும். பாதி மூச்சுதான விடறேன்" என்றார். அவருக்கு அது வேடிக்கை. எனக்கும் அங்கே சிரிப்பு வந்தது. அடுப்படிக்குப் போனதும் வரவில்லை.

உன் கடிதத்தில் "ஒரு ஆள்" என்று எழுதியிருந்தாய். அது எந்த ஆள் என்று எழுதும்போது உனக்குத் தோன்றவே இல்லையா?

என் மூச்சு எவ்வளவு என்று எழுது. தெரிந்துகொண்டால் கொஞ்சம் சிக்கனமாக விடலாம்.

அக்கா


ஜூன் 8

அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சுற்றுகிறேன். என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. நான் எண்ணைத்தான் பார்த்தேன், அக்கா. உன்னை நினைத்து அதைச் செய்யவில்லை. உன்னை நினைக்காமல் செய்தேன் என்பதுதான் உன் கோபம் என்று இப்போது புரிகிறது. நான் போடாவிட்டால் இன்னொருவன் போட்டிருப்பான் என்று எழுதலாம். எழுதினால் நீ கிழித்துப் போடுவாய்.

செய்தித்தாளில் பார்த்திருப்பாய், நாங்கள் காரின் விலையை இறக்கிவிட்டோம். புது ஹால் கட்டுகிறார்கள். லைன் ஓடத் தொடங்கும்வரை எனக்கு லீவு இல்லை. அது முடிந்ததும் முதல் வேலையாக வருகிறேன், ஒரு வாரம் இருப்பேன். அப்பாவை என் காரில் வைத்து ஒரு சுற்றுக் கூட்டிப்போவேன். சத்தமே இல்லாத வண்டியா என்று அவர் திட்டுவதைக் கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். நீ பேச வேண்டாம். அவர் காதில் மட்டும் வை.

தம்பி


ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

வந்து சேர்ந்தேன். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

உன் வீட்டு வாசலில் காரை நிறுத்தப் போனபோது நீ சொன்னாயே, "அதக் கொண்டுபோய் தெருமுனையில நிறுத்து" என்று. அத்தனை நாளில் என்னிடம் நீ பேசியது அது ஒன்றுதான். துக்கத்துக்கு வந்த உன் லைன் ஆட்கள் எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எந்தக் கம்பெனிக் காரில் வந்தேன் என்று அவர்கள் பார்த்தது எனக்கும் தெரிந்தது. நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். அப்பா முகத்தைப் பார்க்கும்வரை எனக்கு அழுகை வரவில்லை. பார்த்ததும் நின்ற இடம் தெரியவில்லை. நீ மட்டும் அழவே இல்லை. தண்ணீர் கொண்டுவரச் சொன்னாய், நாற்காலி போடச் சொன்னாய், எல்லோருக்கும் பதில் சொன்னாய்.

மூன்றாம் நாள் கிளம்பியது தப்பு. இருந்தால் நீ பேசுவாய் என்று தோன்றியிருந்தால் இருந்திருப்பேன்.

கடைசியில் அவர் பக்கத்தில் நீ இருந்தாயா? நர்ஸம்மாவிடம் கேட்டேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அக்காவையே கேளுங்க" என்றார். கேட்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

நான் பக்கத்தில் இல்லை. நான் டிரை ரூமில் இருந்தேன்.

நீ கேட்டிருக்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். கேட்டுவிட்டாய், முழுவதும் கேள்.

நீங்கள் விலையை இறக்கினீர்கள் அல்லவா? உன் கணக்கு எங்கள் கைக்கு வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் ஆட்களும் உட்கார்ந்து யோசித்தார்கள், அதே காற்றில்தான் வந்து நின்றார்கள். ஜூலை முதல் புது விதி போட்டார்கள். கதவைத் திறந்தால் வெளிக்காற்று ஈரத்தோடு உள்ளே வருகிறது, அதைக் காயவைக்கச் செலவாகிறது. அதனால் ஒரு தொகுதி செல் செய்து முடியும்வரை கதவு திறக்கக்கூடாது. மயக்கம், தீ, இரண்டுக்கு மட்டும் விலக்கு. தண்ணீர் குடிக்க நினைத்தால்கூடத் தொகுதி முடிய வேண்டும்.

அன்று காலை அப்பா நன்றாகத்தான் இருந்தார். நான் கிளம்பும்போது, "வரும்போது சவரம் செய்யப் பிளேடு வாங்கிட்டு வா, அவன் வரப்போறான், முகம் காடா இருக்கு" என்றார். மத்தியானத்துக்கு முன் திணறல் வந்திருக்கிறது. நர்ஸம்மா கம்பெனி வாசல் கேட்டுக்குப் போன் செய்தார். கேட்டிலிருந்து அளவுகோலுக்குச் சொன்னார்கள். அவர் மேலே கேட்டார். மயக்கமா, தீயா என்றார்களாம். தொகுதி முடிந்துதான் என்னைக் கூப்பிட்டார். அந்த மனுஷன் மேல் எனக்குக் கோபமில்லை. கண்ணாடிக்கு வெளியே அவர் அங்கும் இங்கும் நடப்பதைப் பார்த்தேன். ஏதோ கணக்கு இடிக்கிறது போல என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தேன்.

உடையைக் கழற்றி, பூட்டிவைத்த போனை எடுத்து, பஸ்ஸுக்கு நிற்காமல் ஒரு ஆட்டோ பிடித்துப் போனேன். நர்ஸம்மா மிஷினை நிறுத்தியிருந்தார். அந்தச் சத்தம் இல்லாததிலேயே வாசலில் தெரிந்துவிட்டது.

"அவ வந்துட்டாளா?" என்று அப்பா கேட்டாராம். உன்னையும் கேட்டிருப்பார், நர்ஸம்மா அதைச் சொல்லவில்லை.

இப்போது நான் ஏன் அழவில்லை என்று கேட்காதே. வேலைக்குத் திரும்பிய முதல் நாள் கதவருகில் அளவுகோல் என் கண்ணைப் பார்த்தார். "இன்னிக்கு வெளிய உக்காரும்மா" என்றார். இரண்டாம் நாளும் அப்படியே. வெளியே உட்கார்ந்தால் அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை. அதற்குப் பிறகு அடக்கப் பழகிவிட்டேன். காலையில் கிளம்பும்போது அப்பாவின் அறைப் பக்கம் திரும்பாமல் போவேன். அவ்வளவுதான் வித்தை.

இது நீ செய்தது என்று நான் சொல்லவில்லை. நீ செய்யவில்லை என்றும் சொல்ல வாய் வரவில்லை.

அக்கா


நவம்பர் 12

அக்காவுக்கு,

எழுதுவதில் இது எத்தனையாவது தாள் என்று தெரியவில்லை. முந்தியதை எல்லாம் கிழித்துவிட்டேன். மன்னித்துவிடு என்று எழுதினால் அது எனக்காகக் கேட்பதுபோல் இருக்கிறது. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் புது மாடல் கார் போன வாரம் மேசைக்கு வந்தது. செல்களை வெளியே எடுத்து வரிசையாக வைத்தார்கள். பழக்கதோஷத்தில் எண்ணைப் படித்தேன். மூன்றாவது லைன், பகல் ஷிப்ட், அந்தத் தேதி. அப்பா போன தேதி. கண்ணை மூடித் திறந்து மறுபடி படித்தேன். ஒரு வரிசை முழுக்க அதே தேதி.

அதில் ஒன்றை அறுத்துப் பார்க்க வேண்டும். அது என் பிரிவு வேலை. வேறு யாரையாவது செய்யச் சொல்லலாம் என்று நினைத்தேன், அப்புறம் யார் கையும் அதில் பட வேண்டாம் என்று நானே எடுத்துக்கொண்டேன். ஓரத்தை வெட்டி, தகடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எங்கே ஓரம் விலகியிருக்கிறது, எங்கே மடிப்பு விழுந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வழக்கம். இருந்தால் எங்களுக்குச் சந்தோஷம், போட்டிக்காரன் குறை அல்லவா?

எதுவும் இல்லை, அக்கா. ஒரு மடிப்புக்கூட இல்லை. எல்லா ஓரமும் நேராக இருந்தது. அங்கே அப்பா உன்னைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நீ இதில் ஒரு ஓரம்கூட விலகாமல் வைத்திருக்கிறாய். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன். எங்கள் அறை டிரை ரூம் இல்லை, யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

மீதிச் செல்கள் பொடியாக்கப் போய்விடும். ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா என்று தோன்றுகிறது. விதிப்படி கூடாது. நீ சொன்னால் எடுத்துவிடுவேன்.

எங்கள் புது ஹாலைப் பற்றிக் கேட்க மாட்டாய். பாதி விளக்கு அணைந்துகிடக்கிறது. நாங்கள் இறக்கினோம், நீங்கள் இறக்கினீர்கள், வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விற்பவன் இரண்டு பேரையும்விட இறக்கிவிட்டான். என் கையைக் குலுக்கிய பெரியவரையே காணோம்.

தம்பி


டிசம்பர் 20

தம்பிக்கு,

செல்லை எடுக்காதே. வேலையும் போய், வீட்டில் ஒரு பெட்டியில் கிடந்து அது உப்பும். அதே தேதி போட்டது இன்னும் எத்தனையோ வண்டியில் ஓடிக்கொண்டிருக்கும். எந்த வண்டியாக இருந்தாலும் ஓடினால் சரி என்பவர்தானே அப்பா.

மடிப்பு இல்லை என்று எழுதினாயே, அதற்கு நன்றி. நான் அடுக்கியது பிறகு என்ன ஆகிறது என்று இத்தனை வருடத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் அதை வைத்து என்னை உயரத்தில் தூக்கி வைக்காதே. அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. மனசு முன்கூட்டியே சொல்லும் என்பார்களே, எதுவும் சொல்லவில்லை. கை பாட்டுக்கு வேலை செய்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்றாவது லைனை மூடிவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டி லைன் வைக்கப்போவதாகச் சொல்லித்தான் எங்களை வேலையிலிருந்து எடுத்தார்கள். இப்போது அதுவும் வேண்டாம், செல்லை வெளியிலிருந்தே வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். நேற்று கடைசி ஷிப்ட். எங்களில் யாருக்கும் இனி அங்கே வேலை இல்லை, அளவுகோலுக்கும்தான். எந்நேரமும் வெளியே நின்றே எங்களை அளந்த மனுஷன், நேற்று வெள்ளை உடை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். "நானும் ஒரு தடவ பாத்துக்கறேன்" என்றார்.

கடைசித் தொகுதி முடிந்தது. மிஷின் நின்றது. காற்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் கதவைத் திறக்க மனம் வரவில்லை. அப்போது எனக்கு அப்பா பிளேடு கேட்டது நினைவுக்கு வந்தது. ஏன் அப்போது வந்தது என்று தெரியாது. கண்ணாடியைக் கழற்றினேன், முகத்துணியைக் கழற்றினேன், அழுதேன். வாய்விட்டு அழுதேன், தம்பி. ஜூலையிலிருந்து அடக்கி வைத்தது மொத்தமும் வந்தது. பக்கத்தில் இருந்தவள் என்னைப் பிடித்துக்கொண்டு அவளும் அழ ஆரம்பித்தாள். அப்புறம் எல்லோரும்.

அளவுகோல் எங்களைப் பார்க்கவில்லை. பழக்கம், அவர் கண் நேராக ஈரமானிக்குப் போனது. நாங்களும் திரும்பிப் பார்த்தோம். மணி அடிக்கும், சிவப்பு விளக்கு எரியும் என்று நினைத்தேன்.

முள் அசையவில்லை.

அவர் கிட்டே போய் விரலால் தட்டிக்கூடப் பார்த்தார். அசையவில்லை. "இவ்வளவுதானா?" என்றார். என் பக்கம் திரும்பினார். "இவ்வளவுதானாம்மா?"

நான் விட்ட மூச்சுக்குச் செலவு இருக்கிறது என்று நீ எழுதினாய். இருக்கட்டும், உன் கணக்கு சரியாகவே இருக்கட்டும். ஆனால் அழுதால் ஒன்றும் ஆகாது என்று யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே. இத்தனை நாள் நான் எதற்காகடா அடக்கினேன்?

அப்பாவின் அறையைத் திறந்துவிட்டேன். மிஷினை நர்ஸம்மாவிடம் கொடுத்தாயிற்று, அவருக்குத் தெரிந்த யாருக்கோ தேவைப்படுகிறதாம். கட்டில் காலியாக இருக்கிறது.

வா. போனபோது சொல்லாமல் போனாய் என்று கத்தினேன். வருவதற்குச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்றில்லை. காரையும் வாசலிலேயே நிறுத்து.

அக்கா